நாசி கண்டார் தட்டுக்கு விலை வைப்பது யார்?

கோவைப்பயணி

மலேசியாவில் வசிக்கும் நண்பர்களிடமும் அங்கு அடிக்கடி சென்று வருபவர்களிடமும் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன். பெற்றோருடன் கோலாலம்பூர் சென்றிருந்தபோது பெரும்பாலும் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவகங்களில்தான் சாப்பிட்டோம். காலையில் ரொட்டி சானாயும் (நம்மூர் பரோட்டா போன்றது) தே தாரிக்கும் (பால் தேநீர்) நான்கு பேருக்கு இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்டைத்தான் அங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள்) அடங்கின. சுவையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக நடமாடும் ஒரு பகுதியில் மதியம் நாசி கண்டார் (சோற்றின் மேல் பல கறிகளை வைத்துக் குழம்பு ஊற்றித் தரும் உணவு) சாப்பிட்டபோது, இரண்டு தட்டுகளுக்கு மட்டும் 78 வெள்ளி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஏராளமான பாத்திரங்களில் கறிகள் இருந்தன. எதன் மேலும் விலை எழுதப்படவில்லை. நாங்கள் விரலை நீட்டிக் காட்டியதையெல்லாம் பரிமாறுபவர் எடுத்து வைத்தார். வரிசையின் கடைசியில் நின்றவர் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொகையைக் கிறுக்கினார். எதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "இறால் பெரிசுண்ணே" என்பதோடு பதில் முடிந்துவிட்டது.

கடையின் பெயர் இங்கே தேவையில்லை. நான் அறிய விரும்புவது ஒன்றுதான்: விலை சொல்லாமல் பரிமாறுவது அந்தத் தொழிலின் வழக்கமா, அல்லது புதுமுகங்களுக்கு மட்டும் நடப்பதா? டிசம்பரில் பினாங்கு செல்லவிருக்கிறோம் என்பதால் கேட்கிறேன்.

கிள்ளான்வாசி

தட்டில் என்னென்ன வாங்கினீர்கள் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். கோழியும் காயும் மட்டும் என்றால் அது அநியாயம். வேறு ஏதேனும் இருந்தால் கதை வேறு.

கோவைப்பயணி

என் தட்டில் இரண்டு பெரிய இறால், கணவாய்க் கறி, வெண்டைக்காய். அப்பாவின் தட்டில் கோழி வறுவல், முட்டைக்கோஸ், மீன் முட்டை. பானங்களுக்குத் தனிக்கணக்கு.

கிள்ளான்வாசி

நினைத்தேன். நாசி கண்டார் கடையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பாத்திரங்கள் சில உண்டு: பெரிய இறால், கணவாய், நண்டு, மீன் தலை, மீன் முட்டை. இவற்றில் மூன்றை நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியிருக்கிறீர்கள். கோழித் துண்டு ஒன்றும் ஏதாவதொரு காயும் வைத்துக் குழம்பு ஊற்றிய தட்டு, கோலாலம்பூரில் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். அதே தட்டில் ஓர் இறால் ஏறினால் தொகை இரட்டிப்பாகலாம், ஏனென்றால் அளவைப் பொறுத்து அந்த ஒற்றை இறாலே ஒரு முழுத் தட்டின் விலைக்கு விற்கப்படுகிறது. மீன் முட்டையும் அப்படித்தான். உள்ளூர்க்காரர்களே அதன் விலையைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள்.

ஆகவே 78 வெள்ளி என்பது அதிகம்தான் என்றாலும் நடக்க முடியாத தொகை அல்ல. தொகையைவிட, எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மறுத்ததுதான் எனக்குத் தவறாகப் படுகிறது. கேட்டால் சொல்ல வேண்டும். நல்ல கடைகளில் சொல்கிறார்கள்.

பினாங்குப்பேத்தி

என் தாத்தா கடையநல்லூரிலிருந்து பினாங்குக்கு வந்து நாசி கண்டார் விற்றவர் என்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

இந்த உணவு கடையில் பிறந்ததன்று. தோளில் காவடிபோல் ஒரு கழியை வைத்து, ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துறைமுகக் கூலிகளுக்கும் தெருவில் போவோர் வருவோருக்கும் விற்றார்கள். ஒரு மனிதன் தோளில் எத்தனை கறியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியும்? இரண்டோ மூன்றோதான். வாங்குகிறவர்கள் நாள்தோறும் வாங்குகிறவர்கள். விலையும் எல்லாருக்கும் மனப்பாடம். எழுதி வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கப்பட்டது. அதைப் போன்ற கடைகளாக இந்தத் தொழில் சுவர்களுக்குள் வந்த பிறகு பாத்திரங்கள் பெருகின. விலையை வாயால் சொல்லும் பழக்கமோ தெருவில் இருந்தபடியே தொடர்ந்தது. பாத்திரங்களுக்குத் தக்க அந்தப் பழக்கம் வளரவில்லை என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாசி கண்டாரின் சுவை கறித்துண்டில் மட்டும் இல்லை. குழம்புகள் கலப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. தேர்ந்த கை எப்படி ஊற்றுகிறது என்று அடுத்த முறை கூர்ந்து பாருங்கள். முதலில் மீன்கறியின் மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையின் பின்புறத்தால் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு கரண்டி எடுப்பார். அதன் மேல் கோழிக் குழம்பு வரும், பிறகு மாட்டிறைச்சியைக் கறுப்புச் சோயாவில் சமைத்த அந்தக் கரிய சாறு ஓரத்தில் ஒரு கோடாக இறங்கும், கடைசியில் தால்சா. "பஞ்சிர்" என்று சொன்னால் சோறு மூழ்கும்வரை ஊற்றுவார். இந்த நான்கு குழம்புக்கும் காசு கிடையாது. துண்டுகளுக்கும் காய்க்கும் சோற்றுக்கும்தான் காசு. வெள்ளி கணக்குப் பார்ப்பவர்கள் சோறும் முட்டையும் காயும் வாங்கிக் குழம்பைப் பஞ்சிராகக் கேட்டால், மலிவாகவும் உண்மையான நாசி கண்டாராகவும் சாப்பிட்டுவிடலாம். என்னைக் கேட்டால் இறாலைவிட அதுதான் மேல்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் அந்தக் கரிய சாற்றை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். கரண்டிகள் பாத்திரத்துக்குப் பாத்திரம் போய்வரும் இடம் அது. மிகுந்த ஆசாரம் பார்ப்பவர்களுக்கு அந்த வரிசை ஏற்றதன்று.

பிஜே கணக்காளர்

வரலாறு இருக்கட்டும். தோளில் தூக்கிய காலத்து வழக்கத்தைக் குளிரூட்டப்பட்ட கடையில் சாக்காகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மலேசியாவில் 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் உணவகங்களில் சோதனை நடத்துவதும், விலையைக் காட்சிக்கு வைக்காத கடைகளுக்கு அபராதம் விதிப்பதும் வாடிக்கையான செய்திகள். சுவரில் ஒரு பலகை தொங்கினாலே கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பலகையில் ரொட்டியும் மீ கோரெங்கும் (வறுத்த நூடுல்ஸ்) இருக்கும், இறால் இருக்காது. சண்டை வருவதோ இறாலில்தான்.

கோவை நண்பர் தம்முடைய சீட்டில் வரி ஏதும் சேர்க்கப்பட்டிருந்ததா என்று பார்த்தாரா? உணவகங்களுக்கான சேவை வரி 6 விழுக்காடு. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே விடப்பட்டது. ஆண்டு விற்பனை 15 இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய, சுங்கத் துறையில் பதிந்துகொண்ட கடைகளே இதை வசூலிக்கலாம். தங்குவிடுதிகளிலும் உயர்தர உணவகங்களிலும் காணும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வரியன்று, கடை தனக்காக வாங்கிக்கொள்வது. சாதாரண மாமாக் கடையில் அதை நான் கண்டதில்லை. அன்பளிப்புத் தொகை வைக்கும் வழக்கமும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் தொகை ஐந்து காசுக்கு முழுமையாக்கப்படும். 1 காசு நாணயம் 2008லேயே வழக்கொழிந்துவிட்டதால் அதை யாரும் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்.

முன்னாள் கல்லாக்காரர்

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வேலைக்குச் சென்று, மலேசியாவில் ஒரு நாசி கண்டார் கடையில் முதலில் மேசை துடைத்து, பிறகு கறி ஊற்றி, இறுதியில் கணக்குச் சொல்லும் இடத்தில் நின்றவன் நான். இப்போது ஊரில் இருக்கிறேன். கடைக்காரர்களின் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டுமல்லவா?

தட்டைப் பார்த்ததும் கிறுக்குகிறார்கள் என்று கோவை அண்ணன் எழுதியிருக்கிறார். அது கண்மூடித்தனமான கிறுக்கல் அன்று. காலையில் சந்தையிலிருந்து சரக்கு வந்ததும் முதலாளியோ தலைமைச் சமையல்காரரோ கணக்குச் சொல்பவரிடம் அன்றைய விலையைச் சொல்லிவிடுவார்: இறால் சிறியது இவ்வளவு, பெரியது இவ்வளவு, மீன் துண்டு இவ்வளவு, தலை என்றால் அளவு பார்த்துச் சொல். கோழி, முட்டை, காய் ஆகியவற்றின் விலை மாதக்கணக்கில் மாறாது. கடல் சரக்கின் விலையோ வாரத்துக்கு வாரம் மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையில் படகுகள் கடலுக்குப் போவது குறைந்துவிடும். அந்த நேரத்தில் மீன் விலை ஏறும். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது இறாலைத் தொட முடியாது. டிசம்பரில் போகிறீர்கள் என்று எழுதியிருப்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, இறாலின் விலையைப் பலகையில் அச்சிட்டு மாட்டினால் ஒன்று கடைக்கு நட்டம், இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்கு நட்டம்.

மதிய நேரத்தில் வரிசை கதவைத் தாண்டி நிற்கும். அப்போது கணக்குச் சொல்பவருக்கு ஒரு தட்டைப் பார்க்கக் கிடைப்பது சில நொடிகளே. குழம்பில் மூழ்கிய துண்டு கோழியா ஆட்டிறைச்சியா என்பதை விளிம்பில் தெரியும் எலும்பை வைத்து அடையாளம் காண வேண்டும்; சோற்றுக்கு அடியில் புதைந்த முட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். கறி ஊற்றுபவர் அந்த நேரத்தில், "ஆயாம், பெண்டி, தெலூர்" (கோழி, வெண்டைக்காய், முட்டை) என்று குரல் கொடுத்தால் வேலை எளிது. அவர் குரல் கொடுக்காவிட்டால் தவறு நேரும். தவறு எப்போதும் வாடிக்கையாளரின் தலையில்தான் விழும் என்று நினைக்காதீர்கள். குறைத்துச் சொல்லிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அடுத்தது செலவு. கோழிக்கு இருந்த உச்சவரம்பு விலையும் உதவித்தொகையும் 2023 நவம்பர் 1ஆம் தேதியோடு முடிந்தன. தீபகற்பத்தில் டீசலுக்கான பொது உதவித்தொகை 2024 ஜூனில் போயிற்று. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. முட்டைக்கான உதவித்தொகை அதே ஆண்டு ஆகஸ்டில் முற்றாக நின்றது. இத்தனைக்கும் நடுவில் ரொட்டி சானாய் விலையில் இருபது காசு ஏற்றினால் நாடே பேசும். அதனால் ரொட்டியில் பிடித்து வைத்த விலையைக் கடைகள் தண்ணியிலும் (அங்கே பானங்களை அப்படித்தான் சொல்வார்கள்) கறியிலும் மீட்கப் பார்க்கின்றன. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. கல்லூரி மாணவர்களும் கூலிக்காரர்களும் ரொட்டியைத்தான் சாப்பிடுகிறார்கள். இறால் வாங்குகிறவர் வசதி உள்ளவர்.

பிஜே கணக்காளர்

கல்லாக்காரரின் விளக்கம் தெளிவாக இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் அது விலை ஏன் உயர்ந்தது என்பதற்கான விளக்கம். விலை ஏன் மறைந்திருக்கிறது என்பதற்கு அதில் விடை இல்லை. காலையில் முதலாளி வாயால் சொல்லும் அதே விலையை ஒரு சிறிய வெள்ளைப் பலகையில் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்ட எத்தனை நிமிடம் ஆகும்? மறுநாள் அழித்துவிட்டு மாற்றி எழுதலாம். கடல் உணவு விற்கும் சீனர் கடைகளில் மீனை எடை போட்டு, தொகையைச் சொல்லி, நீங்கள் தலையசைத்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். மாமாக் கடைக்கு மட்டும் அது ஏன் முடியாது?

இறால் வாங்குகிறவர் வசதி உள்ளவர் என்பதையும் ஏற்க மாட்டேன். மாதச் சம்பளம் வந்த அன்று பிள்ளைகளை அழைத்து வருகிற தொழிலாளியும் இறாலைக் காட்டுவார். பிள்ளைகளின் முன்னால் "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று சொல்ல அவருக்கு மனம் வராது. சீட்டைப் பார்த்த பிறகு வாய் திறக்காமல் கொடுத்துவிட்டுப் போவார். விலை எழுதப்படாததால் அதிகம் இழப்பவர் அவர்தான்.

முன்னாள் கல்லாக்காரர்

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை, கணக்காளர் ஐயா. வெள்ளைப் பலகை வைக்கும் கடைகளும் இருக்கின்றன. வைக்காத முதலாளிகளிடம் கேட்டால், பக்கத்துக் கடைக்காரன் பார்த்துவிட்டு ஒரு வெள்ளி குறைத்து எழுதுவான் என்று சொல்வார்கள்.

சிங்கைத்தோழி

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். இது மாமாக் கடைகளுக்கு மட்டும் உரிய குற்றம் போலப் பேசப்படுகிறது. சோற்றோடு பல கறிகளை விற்கும் சீனர்களின் சாப் ஃபான் கடைகளிலும் மலாய்க்காரர்களின் நாசி சம்பூர் கடைகளிலும் இதே முறைதான். நாமே எடுத்து வைத்துக்கொண்டு போனால், காசு வாங்குகிறவர் தட்டைப் பார்த்துத் தொகையைச் சொல்வார். நேற்று வாங்கிய அதே மூன்று கறிக்கு இன்று ஐம்பது காசு கூடியிருக்கும். சிங்கப்பூரிலும் தட்டைப் பார்த்து விலை சொல்வதில் மாற்றமில்லை. பல பாத்திரங்களிலிருந்து சோற்றுக்கு மேல் எடுத்து வைக்கும் எந்தக் கடையிலும் இது இருக்கத்தான் செய்யும்.

சைவம்மட்டும்

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். மாமாக் கடையில் எங்களுக்கு என்ன கிடைக்கும்? விலையிலும் இதே சிக்கல் உண்டா?

பினாங்குப்பேத்தி

மாமாக் கடையில் உங்களுக்கு ஏற்றவை தோசை, சப்பாத்தி, வெறும் ரொட்டி சானாய் ஆகியவை. ரொட்டி மாவில் சில கடைகள் முட்டையும் சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஊற்றும் பருப்பிலும் கவனம் தேவை. தால்சா என்பது பல கடைகளில் எலும்போ இறைச்சியோ சேர்த்து வேகவைத்த பருப்பு. பார்த்தால் சாம்பார் போலத்தான் இருக்கும். "இறைச்சி போடாத பருப்பா?" என்று தமிழிலேயே கேட்கலாம், பெரும்பாலான கடைகளில் புரிந்துகொள்ள ஒருவராவது இருப்பார். பெயரோடு கேட்கும் இவையெல்லாம் பலகையில் விலையோடு எழுதப்பட்டிருக்கும், திகைப்புக்கு இடமில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மாமாக் கடையை விட்டுவிடுங்கள். கோலாலம்பூரிலும் அதை ஒட்டியும் உள்ள பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா, பங்சார் பகுதிகளில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு. முழுச் சைவக் கடைகளும் இருக்கின்றன. இலைச் சாப்பாட்டுக்கு ஒரே விலை. சோறு, இரண்டு மூன்று காய், அப்பளம், ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம்; சோறும் காயும் மறுபடி கேட்டால் போடுவார்கள். அசைவர்களுக்கு மட்டும் கோழி வறுவலோ மீன் பொரியலோ தனித் தட்டில், தனி விலையில் வரும். அங்கேயும் ஒரு தட்டில் பல வறுவல்களை ஏந்திவந்து மேசைமேல் நீட்டுவார்கள்; இலவசம் என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது. இலையில் பரிமாறுவது அடிப்படை விலைக்குள் வரும், தட்டில் நீட்டுவதற்குத் தனிக்காசு.

கோவைப்பயணி

பயனுள்ள பதில்கள். இன்னும் இரண்டு ஐயங்கள். வரிசையில் நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுமா? அப்பா மிகவும் சங்கோஜப்படுகிறார். "சாப்பாட்டுக் கடையில் நின்றுகொண்டு பேரம் பேசுவது போல இருக்கிறது" என்கிறார். அடுத்தது, தமிழில் பேசினால் ஏதாவது நன்மை உண்டா, அல்லது ஊரிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்து கூடுதலாகச் சொல்வார்களா?

கிள்ளான்வாசி

விலை கேட்பதும் பேரம் பேசுவதும் ஒன்றல்ல என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இங்கே குறைத்துக் கேட்பார் யாரும் இல்லை, ஆனால் "உடாங் பெராப்பா?" (இறால் எவ்வளவு?) என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் "வேண்டாம், ஆயாம் போதும்" என்று மாற்றிக்கொள்பவர்கள் நாள்தோறும் உண்டு. பரிமாறுபவருக்கு அதில் வருத்தமே இருக்காது. அகப்பை பாத்திரத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். இறால் சோற்றின் மேல் விழுந்து குழம்பும் ஊற்றிய பிறகு அதைத் திரும்ப எடுத்துப் பாத்திரத்தில் போட முடியாது. நான் எல்லாவற்றுக்கும் கேட்பதில்லை. கோழி, முட்டை, காய்க்குக் கேட்கவே வேண்டாம். கடலிலிருந்து வந்த எதற்கும் கேட்கலாம்.

இரண்டு பேர் போனால் இன்னொரு வழியும் உண்டு. விலையுயர்ந்த கறியைச் சோற்றின் மேல் வைக்கச் சொல்லாமல் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். அப்போது அது தனிப்பொருளாகிவிடும். அதன் விலையும் சீட்டில் தனியாக வரும், இருவரும் பகிர்ந்தும் சாப்பிடலாம்.

தமிழைப் பற்றி: இந்நாட்டில் மலாய்க்காரரும் சீனரும் கூட மாமாக் கடை ஊழியரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆகவே அந்த ஒரு சொல்லால் சலுகை எதுவும் கிடைத்துவிடாது. ஊழியர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருப்பார்கள், வங்காளதேசத்தவரும் இருப்பார்கள். தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் எது இன்று புதிது, எது நேற்றையது என்பதை மறைக்காமல் சொல்வார் என்பது என் அனுபவம். விலையில் மாற்றம் இருக்காது.

சைவம்மட்டும்

கூடுதலாகச் சொல்வார்களா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே?

முன்னாள் கல்லாக்காரர்

நேராகவே சொல்கிறேன். சில கடைகளில் சொல்வார்கள். சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடக்கும் கடைக்கு, இன்று வந்தவர் நாளை வர மாட்டார் என்று தெரியும். அலுவலகங்களும் குடியிருப்புகளும் சூழ்ந்த இடத்தில் இருக்கும் கடையில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு தடவை இரண்டு வெள்ளி கூட்டிச் சொன்னால், அந்த அலுவலகத்தின் அத்தனை பேரும் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். நான் நின்ற கடை மருத்துவமனைக்கு அருகில் இருந்தது. அங்கே தாதியர்கள் தட்டை நீட்டும்போதே தொகையையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நாங்கள் வெறுமனே எழுத வேண்டியதுதான். எனவே புதிய ஊரில் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, விளக்குகளைப் பார்க்காமல் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். வேலை உடுப்பில் இருப்பவர்கள் நிற்கிறார்களா? துணிந்து நில்லுங்கள்.

பினாங்கில் பெயர்பெற்ற கடைகளிலும் வெளியூர்க்காரர் கூட்டம் மிகுதி. ஆனால் உள்ளூர்க்காரரும் அதே வரிசையில் நிற்பதால் விலை கைமீறிப் போவது அரிது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி இரவில் விற்கும் கடையின் வரிசை நீளமானது. பெற்றோரை நெடுநேரம் நிற்கவைக்க வேண்டியிருக்கும், அதையும் எண்ணிக்கொண்டு போங்கள்.

பிஜே கணக்காளர்

மற்றொரு நடைமுறைக் குறிப்பு. தட்டுக்கான சீட்டை வாங்கியதும் மேசைக்குப் போகும் முன் அங்கேயே ஒரு கணம் நின்று படியுங்கள். தவறு இருந்தால் சாப்பிடத் தொடங்கும் முன்புதான் அதைக் காட்ட முடியும். எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு கல்லாவில் வாதாடுவதால் பயனில்லை. தட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது, இப்போது எல்லாரும் எப்படியும் எடுக்கிறார்கள். பிரித்து எழுதித் தர மறுத்தால், படத்தையும் சீட்டையும் இணைத்து அமைச்சின் இணையதளத்தில் முறையிடலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கே பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். ஓர் இறாலுக்காக யாரும் அங்கே போய்க் காத்திருக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். முறையீட்டைப் பதிவு செய்தாலே அமலாக்க அதிகாரிகள் அந்தக் கடையை எட்டிப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

சிங்கைத்தோழி

தண்ணியைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதிலும் தொகை ஏறும். தட்டுக்குச் சீட்டு வரிசையிலேயே வந்துவிடும். பானத்தைக் கேட்க மேசைக்கு வேறொருவர் வருவார். தே தாரிக் என்று பொதுவாகச் சொன்னால் கெட்டிப்பால் நிறைய ஊற்றிய இனிப்புத் தேநீர் வரும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பால் வேண்டாதவர்கள் "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் கிடைக்கும். வெறும் தண்ணீருக்கும் பல கடைகளில் சில பத்துக் காசுகள் வாங்குவார்கள். அது ஏமாற்றன்று, குவளை கழுவும் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

கோவைப்பயணி

அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு கடைசிக் கேள்வி: கல்லாவில் தட்டுச் சீட்டும் பானச் சீட்டும் சேர்ந்து கூட்டப்படும்போது, பக்கத்து மேசையின் சீட்டு நம்முடையதோடு கலந்துவிட வாய்ப்பு உண்டா? எங்கள் 78 வெள்ளியில் அது நடந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

முன்னாள் கல்லாக்காரர்

தட்டுச் சீட்டு உங்கள் கையிலேயே தரப்பட்டிருந்தால் அது கலந்திருக்காது. நீங்கள் சொன்ன 78 வெள்ளி தட்டுகளுக்கு மட்டும்தான். ஆனால் பானச் சீட்டு கலப்பது உண்டு, குறிப்பாகக் காற்பந்து ஆட்டம் நடக்கும் இரவுகளில். ஒரு மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து, இரண்டு பேர் எழுந்து போய், வேறு மூன்று பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். சீட்டு மட்டும் மேசையிலேயே கிடக்கும். கல்லாவில் நின்று, "இரண்டு தே தாரிக், ஒரு லிமாவ் ஐஸ், இரண்டு தட்டு" என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். சீட்டில் வேறு ஏதேனும் இருந்தால் அந்தப் பையனே அடித்துத் திருத்திவிடுவான்.

கிள்ளான்வாசி

கூடவே, கியூஆர் மூலம் பணம் செலுத்துவதாக இருந்தால், தொகையை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும் கடைகள் பல. கல்லாவில் சொன்னது பதினேழா எழுபதா என்று இரைச்சலில் சரியாகக் கேட்காது. எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.